குழாய் உடையக்கூடாது, சரி. அதுக்காக ஊரையே தோண்டணுமா?



நிலநடுக்கம்னு சொன்னதும் இடிஞ்சு விழுற கட்டடம்தான் நம்ம கண்ணுக்கு வரும். தரைக்கு அடியில் உடையுற தண்ணீர்க் குழாய் யார் நினைப்புக்கும் வராது. ஆனா வரலாறு என்ன சொல்லுது?

1906 ஏப்ரல் 18, சான்பிரான்சிஸ்கோ. நிலம் ஆடியது ஏறத்தாழ ஒரு நிமிடம். தீ எரிந்ததோ மூன்று நாள். தீயணைப்பு வீரர்கள் இருந்தாங்க, தண்ணீர்தான் இல்லை. பிரதான குழாய்கள் உடைஞ்சு கிடந்தன. சுமார் 28,000 கட்டடங்கள் போச்சு, 3,000 பேருக்கு மேல் செத்தாங்க.

1995 ஜனவரி 17, ஜப்பானின் கோபே. 6,400 பேருக்கு மேல் பலி. 12 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. ஊர் பற்றி எரியும்போது தெருக்குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. விநியோகம் முழுசா சீராக இரண்டு மாசத்துக்கு மேல் ஆச்சு.

அதே கோபேயில் உடையாமல் நின்ற குழாய்களும் உண்டு. பூட்டு வளையம் வைத்த டி.ஐ. பைப்புகள். சாதாரண பைப்பில் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ரப்பர் வளையம் போடுவாங்க, அவ்வளவுதான். நிலம் இழுத்தா கழன்று வந்துடும். பூட்டு ஜாயிண்ட் அப்படி இல்லை. 5 மீட்டர் பைப்புன்னா ஒவ்வொரு ஜாயிண்டும் சுமார் 5 சென்டிமீட்டர் நீளும், அதே அளவு சுருங்கும், கொஞ்சம் வளையும், ஆனா கழலாது. ஒரு பைப் எல்லைக்கு வந்துட்டா அடுத்த பைப்பை இழுக்கும். மொத்த லைனும் சங்கிலி மாதிரி நிலத்தோடு சேர்ந்து நகரும். அவ்வளவு எளிமையான பொறியியல்.

"அப்போ எல்லா ஊர்லயும் இதையே போட்டுடலாமே?"

இங்கதான் சூழலியல் ஆட்கள் குறுக்கே வந்து கேள்வி கேட்கிறாங்க. அவங்களை உடனே "வளர்ச்சிக்கு எதிரி"ன்னு முத்திரை குத்துற பழக்கம் நம்மள்ல சிலருக்கு இருக்கு. அதை முதல்ல விடுவோம். கேட்கிறது நியாயமான கேள்வி.

இரும்பு சும்மா வராது. 300 மில்லிமீட்டர் டி.ஐ. பைப் ஒரு மீட்டருக்குச் சுமார் 60 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு 60 டன். ஒரு டன் இரும்புக்குத் தோராயமா 2 டன் கார்பன் டை ஆக்சைடுன்னு வைத்தால், கிலோமீட்டருக்கு 120 டன். இதுக்கு மேல தோண்டுற ஜேசிபி, மண் அள்ளுற லாரி, வெட்டுப்படுற மரவேர், பைப்புக்கு அடியில் போட மணல். அந்த மணல் எந்த ஆத்துல இருந்து வருதுன்னு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப்பை உடைத்து எடுத்தால் அந்தத் தூசு வேலை செய்யுற தொழிலாளி நுரையீரலுக்குப் போகும்.

பிளாஸ்டிக் பைப்? நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 நிலநடுக்கத்தில் பாலிஎத்திலீன் குழாய்கள் நல்லாவே தாங்கின. ஆனா அது பெட்ரோலிய மூலப்பொருள். 2018-இல் கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் காட்டுத்தீயில் எரிந்தபின் குடிநீரில் பென்சீன் கலந்திருந்தது. வெந்துபோன பிளாஸ்டிக் குழாய்களும் அதுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. எந்தப் பொருளும் முழுக்கச் சுத்தம் கிடையாது.

சரி, தராசின் மறுதட்டு? குழாய் உடைவதும் சூழல் கேடுதான். கிறைஸ்ட்சர்ச்சில் சாக்கடைக் குழாய்கள் நொறுங்கி, கழிவுநீர் ஏவன் ஆற்றுக்குள் போனது. குடிநீர்க் குழாய் போனால் டேங்கர் லாரியும் பாட்டில் தண்ணீரும்தான் கதி.

நிலநடுக்கம் வராத நாளிலும் ஒரு கணக்கு ஓடுது. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். நம்ம நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன். ஒரு கிலோமீட்டர் பழைய லைனில் நொடிக்கு ஒரே ஒரு லிட்டர் ஒழுகுதுன்னு வைப்போம். வருஷத்துக்கு 3 கோடி லிட்டருக்கு மேல், கார்பன் 75 டன்னுக்கு மேல். புது இரும்புக்கான 120 டன் ஒன்றரை, இரண்டு வருஷத்துல ஈடாகிடும். ஏரித் தண்ணீர்னா மின்சாரம் குறைவு, அதனால இந்தக் கணக்கு நீளும். டோக்கியோ பல பத்தாண்டுகளாக டி.ஐ. பைப்புக்கு மாறிக்கொண்டே வந்து, கசிவைச் சுமார் 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருக்கு.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். கசிவை நிறுத்த எந்தப் புது பைப்பும் போதும், பூட்டு ஜாயிண்ட் தேவையில்லை. அப்படின்னா பூட்டு ஜாயிண்டால் கூடுதலா வரும் சூழல் சுமை எவ்வளவு? ரொம்பக் கொஞ்சம். பெரிய சுமை எல்லாம் தோண்டுவதிலும் பைப்பிலும்தான் இருக்கு.

இதுதாங்க மொத்த விஷயமும். எப்படியும் மாற்ற வேண்டிய பழைய பைப்பை மாற்றும்போது நிலநடுக்கம் தாங்குற ஜாயிண்டோடு போட்டால் லாபம். நல்லா இருக்கிற பைப்பை இதுக்காகவே தோண்டி எடுத்தால் பெரும்பாலும் நஷ்டம்.

எல்லா ஊருக்கும் ஒரே மருந்தும் கிடையாது. கவுகாத்தி 2002 வரைபடத்தில் ஐந்தாம் மண்டலம், அங்கே அவசரம் அதிகம். சென்னை 2002-இல் திருத்தப்பட்ட வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 2001 செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக் கடலில் வந்த 5.5 அளவு நடுக்கம் இங்கேயும் உணரப்பட்டது. பயந்து ஊரையே தோண்டவும் வேண்டாம், நமக்கு வராதுன்னு தூங்கவும் வேண்டாம்.

அதனால எந்த அரசா இருந்தாலும், நம்ம ஆட்சியா இருந்தாலும், கேட்க வேண்டியது மூணு:

1. அரசு மருத்துவமனை, நிவாரண முகாம், தீயணைப்பு நிலையம் இவற்றுக்குப் போகும் பிரதான லைன் முதலில். அதிலும் பழசும் ஒழுகுறதும் முதலில்.

2. டெண்டரில் பைப் விலையோடு கார்பன், மணல், மரங்கள், இடிபாடு எல்லாக் கணக்கும் மக்கள் பார்வைக்கு வரணும். ஆஸ்பெஸ்டாஸ் பைப்பை முடிந்தவரை மண்ணுக்குள்ளேயே விடணும். எடுத்தே ஆகணும்னா தொழிலாளிக்கு முழுப் பாதுகாப்பு.

3. ஒரு சாலையை ஒரு தடவைதான் தோண்டணும். குடிநீர், பாதாளச் சாக்கடை, கேபிள் எல்லாம் ஒரே திட்டத்தில்.

அடுத்த முறை உங்க வார்டில் பைப் போட ரோட்டைத் தோண்டினால், "எந்த ஜாயிண்ட் போடுறீங்க?"ன்னு கேளுங்க. பள்ளத்தை மூடினபிறகு கேட்டால், இன்னும் ஐம்பது வருஷத்துக்குப் பதில் கிடைக்காது.

#குடிநீர்உரிமை #கணக்குக்கேட்போம்