கிழக்கு எது, மேற்கு எது?

எர்ணாவூர்க் கடற்கரையில் நிறுத்திக் கேட்டால், கிழக்கு எது என்று குழந்தைகூடச் சொல்லும். அமெரிக்காவில் பெரிய படிப்பாளிகளுக்கே அது மறந்துவிட்டது, சகோதரிகளே! பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டும், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையும் 2024-ல் போய்ச் சேர்ந்த விளையாட்டுக் கூட்டணியின் பெயர் என்ன தெரியுமோ? அட்லாண்டிக் கரைக் கூட்டணி!

பழைய கூட்டணியில் எட்டுப் பேர் கம்பி நீட்டத் தீர்மானித்துவிட்டார்கள். பாவம், இவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் புகுந்த வீட்டில், முதல் ஏழு வருஷங்களுக்கு, டெலிவிஷன் பணத்தில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பங்கில் 30 சதவீதம்தானாம்.

பணம் கொண்டுவருவது ஆண்களின் கால்பந்து. அலைவதோ வாலிபால் ஆடும் பெண்களும்தான். பாஸ்டனில் ஓர் ஆட்டம் என்றால், போக மட்டும் 4,000 கிலோ மீட்டருக்கு மேல்! பாடப் புத்தகத்தை எப்போது பிரிப்பாள்?

எர்ணாவூர்ப் பெண் ஒருத்தி சென்னை சர்வகலாசாலைக்காக வாலிபால் ஆடினால், முதலில் தென் மண்டலப் போட்டி. அதில் முன்னேறினால்தான் அகில இந்தியப் போட்டி. அவளுக்குத் தூரப் பயணம் ஜெயித்ததற்குப் பரிசு. பெர்க்லிப் பெண்ணுக்கோ அது வாடிக்கை.

கால்பந்தை மட்டும் கிழக்கே அனுப்பிவிட்டு, மற்ற ஆட்டங்களைப் பக்கத்துக் கல்லூரிகளோடு வைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கட்சி.