பியர்க்கடைப் பாட்டனும் வம்சாவளித் தேடலும்

இங்கிலாந்தில் தம் குலவரலாற்றைத் தேடி எழுதுவது பலருக்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு; சிலருக்கு அதுவே வாழ்நாள் வேலை. தேவாலயப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையும் புரட்டிக்கொண்டு பின்னோக்கிச் செல்லும் இவர்களுள் சிலர், விக்டோரியா காலத்துப் பக்கமொன்றில் சற்றே தயங்கி நிற்கின்றனர். முப்பாட்டனாரின் பெயருக்கு எதிரே, தொழில் என்னும் கட்டத்தில், 'பியர் விற்பவர்' என்று எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. அவரை 'விடுதி உரிமையாளர்' என்று உயர்த்தி எழுதிக்கொள்வோர் ஒரு சாரார். அவருக்கு வேறொரு தொழிலும் இருந்திருந்தால், 'கொல்லர்' என்றோ 'தச்சர்' என்றோ அதை மட்டும் குறித்துவிட்டு மற்றதை விழுங்கிவிடுவோர் மறுசாரார். முன்னவர் பொய்யாகப் பெருமை சேர்க்கின்றனர். பின்னவர் தேவையின்றி வெட்கப்படுகின்றனர். பியர் விற்றவர் பியர் விற்றவராகவே குடும்ப வரலாற்றில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், அந்தக் கடை எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1830-ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் மது விற்க விரும்புவோர் உள்ளூர் நீதிபதிகளின் தயவை நாட வேண்டியிருந்தது. அந்நீதிபதிகளோ பெரும்பாலும் நிலக்கிழார்களும் பாதிரியார்களுமே. அவர்கள் வழங்கிய உரிமங்கள் பல இடங்களில் பெரிய பியர் ஆலைக்காரர்களின் கைக்குள் சென்று சேர்ந்திருந்தன. இதை உடைக்கவும், ஜின் என்னும் கடுஞ்சாராயத்திலிருந்து மக்களைப் பியரின் பக்கம் திருப்பவும் வெல்லிங்டன் பிரபுவின் அரசு 1830-இல் ஒரு சட்டம் இயற்றியது. வீட்டுவரி செலுத்தும் எவரும் ஆயத்தீர்வைத் துறையில் இரண்டு கினி, அதாவது 2 பவுண்டு 2 ஷில்லிங், கட்டித் தம் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்றாயிற்று. நீதிபதியிடம் போக வேண்டியதில்லை. ஆனால் சாராயம் விற்கக் கூடாது. உரிமம் பெற்றவரின் முழுப்பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டவேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை.

சில மாதங்களிலேயே நாடெங்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் பெற்றனர். கொல்லர், தச்சர், சிறுகடைக்காரர் எனக் கைத்தொழிலாளர் பலர் தம் வீட்டின் முன்னறையில் நான்கு பெஞ்சுகளைப் போட்டனர். பகலில் பட்டறை, மாலையில் பியர். ஆகவே அக்கடையை விடுதி என்பது பொருந்தாது. தங்குவதற்கு அறைகளும், குதிரை கட்டக் கொட்டிலும், எல்லா வகை மதுவும் விற்கும் உரிமையும் உடையதே விடுதி. சமூகப் படிநிலையில் இவ்விரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. அதனை அழித்து எழுதினால், ஓர் ஏழைக் கைவினைஞர் இரண்டு கினி கொண்டு ஒரு படி மேலே ஏற முயன்ற கதையே அழிந்துபோகிறது.

வாசலில் பெயரெழுதி வைத்த இம்மனிதரை இன்று தேடிப் பிடிப்பது எளிதன்று. பழைய மதுவிடுதிக்காரர்கள் நீதிபதிகள்முன் எழுதிக்கொடுத்த பிணைகளின் பதிவேடுகள், 1753 முதல் 1828 வரையிலானவை, பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பியர்க்கடைக்காரரோ அந்த ஏற்பாட்டுக்கு வெளியே பிறந்தவர். ஆயத்தீர்வைத் துறை அவருக்குத் தந்த உரிமங்களின் பதிவுகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. நீதிபதியின் பிடியிலிருந்து அவரை விடுவித்த சட்டமே, நீதிபதியின் ஏட்டிலிருந்தும் அவரை விலக்கிவிட்டது. பிகட், கெல்லி முதலியோர் வெளியிட்ட வணிகக் கையேடுகளிலும் விடுதிகள் தத்தம் பெயர்களோடு வரிசையாக நிற்க, இவர் 'பியர் சில்லறை விற்பனையாளர்' என்ற தனித்தலைப்பின் கீழ், பெரும்பாலும் கடைப்பெயர் இன்றி, ஆள்பெயராக மட்டுமே தென்படுகிறார்.

எனவே ஆளைத் தேடுவதைவிட வீட்டைத் தேடுவதே நல்வழி. கணக்கெடுப்புத் தாள்களைப் பத்தாண்டுக்கு ஒன்றாகப் பார்த்துத் தெருவையும் அண்டை வீட்டாரையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1869-ஆம் ஆண்டுச் சட்டம் பியர்க்கடைகளை மீண்டும் நீதிபதிகளின் கீழ்க் கொண்டுவந்தது. அவ்வாண்டு மே முதல் நாளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடைகளுக்கு மட்டும், குறிப்பிட்ட நான்கு காரணங்களுள் ஒன்று இருந்தாலன்றி உரிமத்தை மறுக்க இயலாது என்று சலுகை தந்தது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் எதுவும் இல்லாவிடினும் மிகையானவை என்று மூடப்பட்ட கடைகளுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. இவற்றையொட்டிய பதிவேடுகளும், 1910-இல் தொடங்கிய நிலமதிப்பீட்டுக் குறிப்பேடுகளும் கிடைக்குமிடங்களில், வீட்டின் வழியாகப் பின்னோக்கி நடந்து ஆளைச் சென்று சேரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இத்தேடலில் மிக எளிதாகக் கையில் சிக்குவது பழைய செய்தித்தாள்களின் நீதிமன்றப் பத்திதான். நேரங்கடந்து கடை திறந்து வைத்தார், சூதாட இடங்கொடுத்தார், அபராதம் கட்டினார் என்று நான்கு வரி. அதைக் கண்டதும் 'எங்கள் பாட்டன் ஒரு போக்கிரி' என்று சிலர் மகிழ்ச்சியோடே எழுதிவிடுகின்றனர். ஒரு கடை இருபது ஆண்டுகள் ஒழுங்காக நடந்தது என்பது செய்தியன்று; ஓரிரவு பத்து மணிக்குமேல் நடந்தது என்பதே செய்தி. பியர்க்கடைகளைப் பற்றி அன்று உரக்கப் பேசியவர்கள் யார்? அதிகாரம் இழந்த நீதிபதிகள், வியாபாரம் இழந்த விடுதிக்காரர்கள், கூலியாட்கள் அங்கே கூடிப் பேசுவதை விரும்பாத பண்ணையார்கள். 1830-இன் இறுதியில் தென்மாவட்டங்களில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தபோதும், அப்போதுதான் திறந்திருந்த பியர்க்கடைகள்மீது பழி விழுந்தது. குடியால் சீரழிந்த குடும்பங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. ஜோசப் லைவ்சி பிரஸ்டன் நகரில் 1832-இல் தொடங்கிய முழு மதுவிலக்கு உறுதிமொழி இயக்கம் காரணமின்றி எழவில்லை. ஆயினும் குற்றச்சாட்டு மட்டுமே எஞ்சியிருப்பதால் குற்றம் மட்டுமே நடந்தது என்று கொள்வது நியாயமாகாது.

இன்னொருவர் உண்டு, அவர் மனைவி. கணவர் பட்டறையில் இருந்த பகற்பொழுதில் பீப்பாயிலிருந்து பியர் பிடித்துக் கொடுத்தவரும், கடன்கணக்கை நினைவில் வைத்தவரும், மிஞ்சிக் குடித்தவரை வெளியே அனுப்பியவரும் பல கடைகளில் அவராகவே இருந்திருக்க வேண்டும். 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அறிக்கை விடுதிக்காரரின் மனைவி, விவசாயியின் மனைவி போன்றோரைத் தொழிலில் பங்குடையோராகத் தனிவகையில் எண்ணியது. ஆனால் வீட்டுவாரியான தாள்களில் அவருடைய தொழிற்கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. கணவர் இறந்து உரிமம் கைம்பெண்ணின் பெயருக்கு மாறும்போதுதான் அவருடைய தொழில் முதன்முறையாக ஏட்டில் ஏறுகிறது. அத்தொழிலை அவர் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார் என்று யார் நம்புவர்? டிக்கன்ஸ் 1864-65-இல் எழுதிய நாவலொன்றில், தேம்ஸ் கரை மதுவிடுதியைக் கண்டிப்போடு நடத்தும் அபி பாட்டர்சன் என்னும் பெண் வருகிறார். அது முழு உரிமம் பெற்ற விடுதிதான். எனினும், பதிவேடுகள் எழுதத் தவறிய ஒரு மனுஷியின் குரலும் அதட்டலும் எப்படி இருந்திருக்கும் என்பதைப் புனைகதை நமக்குக் காட்டிவிடுகிறது.

ஆகவே நண்பர்களே, குலவரலாறு எழுதுவோரிடம் நான் வேண்டுவது சிறிதே. அவரைப் 'பியர் விற்றவர்' என்றே எழுதுங்கள். பக்கத்தில் கொல்லர் என்றிருந்தால் அதையும் எழுதுங்கள். அபராதம் கட்டியிருந்தால் தேதியோடு குறியுங்கள். அதே கடையில் அவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதை அதன் அருகிலேயே குறியுங்கள். மனைவியின் பெயருக்கு எதிரே உள்ள வெற்றிடத்தில் 'கடை நடத்தியிருக்கலாம்' என்று, ஐயத்தை மறைக்காமல், ஒரு வரி சேருங்கள். இரண்டு கினி கட்டித் தன் பெயரைத் தானே வாசலில் எழுதி மாட்டிய ஒருவருக்கு, அதைவிடப் பெரிய பட்டம் எதையும் பேரப்பிள்ளைகள் தேடித்தர வேண்டியதில்லை.