'சும்மா க்ராஷ் தானே ஆகுது'ன்னு சொல்றவங்களுக்கு

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பொறுத்தருள்க :-)

மொபைல் நெட்வொர்க் கருவிகளில் ஓட்டை கண்டுபிடித்தால் வழக்கமாக ஒரு சப்பைக்கட்டு வரும். "டேட்டா ஒண்ணும் திருட்டுப் போகலியே, சும்மா க்ராஷ் தானே ஆகுது?" டினையல் ஆஃப் சர்வீஸ் என்றாலே அவ்வளவு இளப்பம்! சுத்த அபத்தம் மக்களே.

நம்ம போனில் கிளம்பும் பாக்கெட், டவரில் இருந்து ஜி.டி.பி என்ற சுரங்கம் வழியா கேட்வேக்கு வந்து, அப்புறம்தான் இண்டர்நெட்டைப் பார்க்கும். வோல்ட்இ காலும் அதே வழிதான். லட்சக்கணக்கான பேரோட செஷன் அதன் நினைவில் இருக்கும். ஜி.டி.பி-யோ ஆபரேட்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்பின 90-களில் பிறந்தது. 'நீ யாருப்பா?'ன்னு கேட்கும் பழக்கமே அதுக்குக் கிடையாது. பாக்கெட்டில் ஒரு நீளத்தைத் தப்பாகப் போட்டு அனுப்பினால் போதும், அதைச் சரிபார்க்காத கோட் மண்டையைப் போடும். கூடவே அத்தனை செஷனும் காலி. உடனே எல்லா போனும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். எழுந்து உட்கார்ந்தது மறுபடி படுக்கும்.

படுத்தால் என்ன ஆகும்? 2018 டிசம்பர் 6 அன்று பார்த்தோமே. எரிக்சனின் கோர் நெட்வொர்க் மென்பொருளில் ஒரு சர்டிஃபிகேட் காலாவதி. தாக்குதல்கூட இல்லை. பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க், ரெண்டும் ஒரே நாளில் அவுட். ஓ2-வை நம்பியிருந்த 3 கோடிப் பேர் வரை பாதிப்பு. லண்டனில் பஸ் வரும் நேரம் காட்டும் பலகைகூட நின்றுபோனது. இத்தனைக்கும் ஒரு பைட் திருட்டுப் போகலை!

தாக்குதல் கஷ்டமா? 2025-ல் புளோரிடா, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்.டி.இ, 5ஜி கோர் மென்பொருள்களில் 119 ஓட்டைகளை வெளியிட்டார்கள். சிலதுக்கு சிம் கார்டே வேண்டாம். ஒரு சின்ன பாக்கெட், ஊர் முழுக்க சிக்னல் காலி.

இதுக்கு மதிப்பெண் போடும் சி.வி.எஸ்.எஸ் முறையின் கூத்தைப் பாருங்க. வீட்டு ரூட்டர் க்ராஷ் ஆனாலும் 7.5 வரும், கேட்வே க்ராஷ் ஆனாலும் அதே 7.5 வரும். பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எழுத அடிப்படை மதிப்பெண்ணில் இடமே இல்லை. அந்த நம்பரைப் பார்த்து 'அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்'னு தள்ளுறாங்க.

விற்கிறவர்கள் கன்னாபின்னா பாக்கெட்டெல்லாம் அனுப்பிச் சோதித்துவிட்டு விற்கட்டும். ஆபரேட்டர்கள் ஜி.டி.பி ஃபயர்வால் போடட்டும். பூட்டியே கிடக்கும் பேங்கில் பணம் பத்திரமா இருக்குன்னு, ஆஸ்பத்திரிக்குப் பணம் எடுக்க வந்தவனிடம் சொல்லிப் பாருங்க. செருப்படிதான் கிடைக்கும்.