நடந்ததெல்லாம் கணக்கில் வருமா?



ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் நிகழும் உரையாடல்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருள் புகுந்திருக்கிறது. மழை, விலைவாசி, பிள்ளைகளின் தேர்வு என்று சுற்றி வந்த பேச்சு, இப்பொழுது "நேற்று எத்தனை அடி நடந்தீர்கள்?" என்பதில் வந்து நிற்கிறது. மணிக்கட்டில் கட்டிய கடிகாரமும், சட்டைப் பையிலுள்ள கைப்பேசியும் நம் காலடிகளை எண்ணிக் கொடுக்கின்றன. எண்ணிக்கை வந்தால் வழக்கும் உடன் வரும் அன்றோ? சந்தைக்கு நடந்ததும், அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்ததும், பேருந்து நிறுத்தம் வரை நடந்ததும் உடற்பயிற்சியில் சேருமா? அன்றி, அதற்கென நேரம் ஒதுக்கித் திடலைச் சுற்றி வந்தால் மட்டுமே பயிற்சி ஆகுமா?

வேடிக்கையான வழக்கு என்று தோன்றலாம். ஆயினும் இதற்கு நாம் சொல்லும் விடை சிலருடைய உடல்நலத்தையே தொடுகின்றது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவருக்கு நீரிழிவு. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கும்படி மருத்துவர் பணித்திருக்கிறார். கணவரோ, "விடிந்ததிலிருந்து அடையும் வரை இவள் வீட்டுக்குள் நடந்துகொண்டுதானே இருக்கிறாள், சாமி! தனியாக வேறு நடக்க வேண்டுமா?" என்கிறார். "ஆமாம் சாமி, கடிகாரமே ஐயாயிரம் அடி காட்டுகிறது" என்று அந்தத் தாயும் ஒத்துப் பாடுகிறார். ஆனால் இரத்தத்திலுள்ள சர்க்கரை மட்டும் இறங்கிய பாடில்லை. இத்தகைய இல்லங்கள் நம் பங்குகளில் ஒன்றா, இரண்டா?

இந்த வழக்கைத் தீர்க்க நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறார். அவர் பெயர் ஜெரி மாரிஸ். 1910ஆம் ஆண்டு பிறந்து, 2009ஆம் ஆண்டு, தம் 99ஆம் வயதில் மறைந்த பிரிட்டானிய மருத்துவ அறிஞர். இலண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். ஒரே பேருந்து, ஒரே சாலை; ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார்; நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். 1953இல் வெளிவந்த அந்த ஆய்வு, ஓட்டுநரைவிட நடத்துநருக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் கடுமை தணிந்ததாகவும் இருந்தது எனக் காட்டிற்று. வீதி வீதியாக நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களும், மேசையில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தர்களைவிட நலமாக இருந்தனர். அந்த நடத்துநர் பயிற்சிக்கென்று படி ஏறவில்லை, பிழைப்பிற்காகவே ஏறினார். எனினும் அவருடைய இதயம் அதனைக் கணக்கில் எடுத்துக்கொண்டது!

அப்படியானால் வழக்கு முடிந்தது என்பீர்கள். பொறுங்கள். நேர்மையான அறிஞர் தம் முடிவையே மீண்டும் உரைத்துப் பார்ப்பவர். 1956இல் மாரிஸ் குழுவினர், போக்குவரத்து ஊழியருக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுகளை ஆராய்ந்தனர். ஓட்டுநர்கள் தொடக்கத்திலிருந்தே இடை பருத்தவர்களாயிருந்தது தெரியவந்தது. ஆக, வேறுபாடு முழுவதையும் மாடிப்படியின் கணக்கில் எழுதிவிட முடியாது. பின்னர் 1973இல், மேசைப் பணி புரிந்த அரசு அலுவலர்களை ஆராய்ந்தபோது, ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்கும்படி உடலை உழைக்க வைத்தோருக்கே பெரும் பயன் கிட்டியதை அவர் கண்டார். 1990இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், மணிக்கு நான்கு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வழக்கமாக நடந்தவர்களும் அந்த நற்பேற்றினைப் பெற்றிருந்தனர். எதற்காக நடந்தோம் என்று நம் உடல் கேட்பதில்லை. எத்துணை விரைவாக, எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதையே கேட்கிறது.

உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதலும் இதே பாதையில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டில், தொடர்ந்து பத்து நிமிடமேனும் செய்யும் உழைப்பையே கணக்கில் கொள்ளலாம் என்று அது கூறியிருந்தது. 2020இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இரண்டு நிமிட விரைவு நடையும் இன்று கணக்கில் வரும். வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது அதன் அறிவுரை. "மிதமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். பாத்திரத்தை எடுக்க அலமாரி வரை சென்று திரும்பும் நடை அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

அதனை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சுப் போதக்கூடாது. இதுவே மிதமான வேகம். எண்ணித்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள், பதினைந்து நொடிகளில் வைக்கும் அடிகளை எண்ணலாம். இருபத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தால், நிமிடத்திற்கு நூறு அடிகள். பெரும்பாலோர்க்கு அது போதிய வேகம். முதியவர்க்கும் நோயுற்றோர்க்கும் அதனினும் குறைந்த வேகமே அந்த உழைப்பைத் தரக்கூடும்.

"பத்தாயிரம் அடி நடந்தால்தானே பயன்?" என்று கேட்போர்க்கும் ஒரு சொல். அந்த எண் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்து முடிந்த மறு ஆண்டு, ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் "பத்தாயிரம் அடி அளவி" என்ற பொருளில் பெயரிட்டது. விற்பனைப் பெயர் நாளடைவில் மருத்துவ விதி போலாகிவிட்டது! 2019இல் அமெரிக்காவில், சராசரி வயது 72 உடைய ஏறத்தாழ 17,000 பெண்களிடம் செய்த ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைவாயிருந்தது. 7,500 அடிக்கு மேல் பயன் மேலும் கூடவில்லை. 2025இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், 7,000 அடி என்பதே பலருக்கும் எட்டக்கூடிய நல்ல இலக்காகத் தெரிந்தது. இவ்வாய்வுகளில் கருவிகள் எண்ணியது நாள் முழுதும் வைத்த அடிகளை. திடலில் நடந்ததை மட்டுமன்று. ஆகவே சந்தைக்குப் போன நடையும் எண்ணிக்கையில் உண்டு.

பின்னர் அந்தத் தாய்க்கு மட்டும் ஏன் சர்க்கரை இறங்கவில்லை? உணவும் மருந்தும் உறக்கமும் இதில் பங்குடையவை என்பது உண்மையே. ஆயினும் நடையைப் பொறுத்தவரை காரணம் எளிது. அவர் இருபது ஆண்டுகளாக அதே வீட்டில், அதே வேகத்தில், அதே வேலைகளைச் செய்து வருகிறார். அந்த நடை அவருக்குப் பயன் தராமலில்லை; அதுவும் இல்லாதிருந்தால் உடல் இன்னும் நலிந்திருக்கும். ஆனால் நேற்று வரை நடந்த நடைதான் இன்றைய உடலை ஆக்கியிருக்கிறது. இன்றைய உடலில் நோய் இருக்குமானால், நாளைய உடலை மாற்றுவதற்கு நேற்றைய நடையோடு புதிதாக ஏதேனும் சேர்ந்தாக வேண்டும். பழைய வரவையே மீண்டும் மீண்டும் எழுதினால் சேமிப்புப் பெருகுமோ?

மேலும் அந்தக் கடிகாரத்தின் சாட்சியமும் முழு உண்மையன்று. கையசைவைக் கொண்டே அது அடிகளைக் கணிக்கிறது. உட்கார்ந்து மாவு பிசைந்தாலும் சில வேளை அடிகளாக எண்ணிவிடும். இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நடந்தால் சில அடிகளை விட்டுவிடும்.

குடும்பத் தலைவர்களே, இங்கே உங்களோடு சற்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். வேலை வேறு, பயிற்சி வேறு என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை உழைக்க வைத்தோர்க்கு நன்மையும், தொழிலிலேயே கடுமையாக உழைத்தோர்க்கு அதற்கு மாறான விளைவும் காணப்பட்டன. காரணம் இதுவாயிருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர்: பணியிலுள்ள உழைப்பு நெடுநேரம் நீள்வது, வேகத்தையோ ஓய்வையோ நாம் தெரிந்துகொள்ள இடமில்லாதது, பாரம் சுமப்பதும் நின்றுகொண்டிருப்பதும் மிகுந்தது. வீட்டுவேலை அதே அளவு கடினமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "நாள் முழுக்க நடக்கிறாள், அது போதும்" என்று ஒரு மனைவியின் களைப்பையே அவளுடைய பயிற்சியாக எழுதிவிடுவது நீதியாகுமா? மருத்துவர் கேட்ட அரைமணி நேரம் அவளுக்கு எங்கிருந்து வரும்? நீங்களும் பிள்ளைகளும் பாத்திரம் துலக்கி, துணி மடித்து, அந்த அரைமணியை அவளுக்கு உண்டாக்கிக் கொடுத்தால்தான் வரும். இயன்றால் நீங்களும் உடன் நடங்கள். இருவரும் பேசிக்கொண்டு நடந்தால் வேகமும் தானே அளவுபடும்.

அதே வேளையில், மறுபக்கத்தில் உள்ளோரும் சிந்திக்கட்டும். மாலையில் திடலைப் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்காக, கூப்பிடு தூரத்திலுள்ள ஆலயத்திற்கும் கடைத்தெருவுக்கும் இருசக்கர வண்டியில் செல்வோர் நம்மிடையே உண்டு. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, சற்று விரைந்து நடந்தால் அந்த நிமிடங்களும் வாரக் கணக்கில் சேருமே! உணவருந்தியபின் பத்து நிமிடம் நடப்பதும் சிறிய செயல் அன்று. தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே ஈர்த்துக்கொள்கின்றன. இன்சுலின் குறைவாக வேலை செய்யும் உடலிலும் இது நிகழ்கிறது.

எனவே என் யோசனை இது. ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எதையும் மாற்றாமல், நாளொன்றுக்கு எத்தனை அடி என்று மட்டும் எழுதுங்கள். அதுவே உங்கள் அடித்தளம். இரண்டாம் வாரம் முதல் இரு பத்திகள் இருக்கட்டும். முதற்பத்தியில் மொத்த அடிகள். அன்றாட நடை முழுவதும் அதில் சேரட்டும். இரண்டாம் பத்தியில், மூச்சு வாங்க நடந்த நிமிடங்கள் மட்டும். அவை சந்தைக்குச் சென்ற நிமிடங்களாயினும் சரி, திடலில் சுற்றிய நிமிடங்களாயினும் சரி. முதற்பத்தியில் அடித்தளத்தைவிட ஆயிரம் அடி கூடட்டும். இரண்டாம் பத்தி சிறிது சிறிதாக வாரம் 150ஐ நோக்கி ஏறட்டும். நடை ஒன்றே போதுமென்றும் இருந்துவிடாதீர்கள். வாரத்தில் இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது அதற்கு நல்ல தொடக்கம்.

நடக்கையில் நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைக் காணுங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எழுதுவது பிறரிடம் காட்டிப் பெருமை கொள்வதற்கன்று. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாதிருப்பதற்கே. ஆகவே நடந்ததை எல்லாம் எழுதுங்கள். கூடியது எவ்வளவு என்பதையும் மறவாமல் பாருங்கள். அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது, அந்தக் குறிப்பேட்டையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.