அக்கிலீஸின் எறும்புப் படையும் நம்ம திருவெறும்பூரும்!

'ட்ராய்' படம் பார்த்திருக்கிறீர்களா? 2004-ல் வந்தது. பிராட் பிட்தான் அக்கிலீஸ். மற்ற கப்பல்கள் கரைக்கு வருவதற்குள் ஒரு சின்னப் படை குதித்து இறங்கி, கடற்கரையையே கைப்பற்றுமே... அந்த வீரர்களின் பெயர் மிர்மிடான்கள். கிரேக்க மொழியில் 'மிர்மெக்ஸ்' என்றால் எறும்பு. அதாவது, கிரேக்கக் கதைகளின் நம்பர் ஒன் வீரனுடைய படைக்குப் பெயர் எறும்புப் படை!

"எறும்பா? அது நம்ம ஏரியாவாச்சே" என்று கைலாசபுரத்துக்காரர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். பெல் டவுன்ஷிப்புக்குப் பக்கத்திலேயே திருவெறும்பூர். குன்றின் மேல் எறும்பீஸ்வரர். பஸ்ஸில் தினமும் அந்தக் குன்றைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் மேலே ஏறியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். இந்த வாரம் இரண்டு எறும்புக் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா?

எறும்பு மனிதனானது

கிரேக்கத்தில் ஏஜினா என்று ஒரு தீவு. அதன் ராஜா ஏயகஸ், கடவுள்களின் தலைவர் ஜீயஸின் மகன். ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு இது பிடிக்குமா? கோபத்தில் தீவுக்கே கொள்ளைநோயை அனுப்பிவிட்டாள். ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆளில்லாத ஊரில் தனியாக நின்ற ஏயகஸ், ஜீயஸுக்கு உரிய ஓக் மரத்தில் சாரை சாரையாகப் போகும் எறும்புகளைப் பார்த்தான். "அப்பா, இத்தனை எறும்புக்கு இணையாக எனக்கு மக்களைக் கொடு" என்று வேண்டிக்கொண்டு தூங்கினான். கண் விழித்தால், வாசலில் மனிதக் கூட்டம்! எறும்பைப் போலவே உழைப்பும் சிக்கனமும் கொண்டவர்கள். ஏயகஸின் மகன் பீலியஸ். பீலியஸின் மகன்தான் அக்கிலீஸ். தாத்தா வேண்டி வாங்கிய ஜனங்கள், பேரன் காலத்தில் ட்ராய் போர்க்களத்தில் நின்றார்கள்.

தேவர்கள் எறும்பானது

திருவெறும்பூர்க் கதை தலைகீழ். தாரகாசுரன் தேவலோகத்தைப் பிடித்துக்கொண்டான். பதவியும் போய், வீடும் போய் நின்ற இந்திரனும் தேவர்களும் இந்தத் தலத்து ஈசனைக் கும்பிட வந்தார்கள். நேராக வந்தால் அசுரனிடம் மாட்டிக்கொள்வோம் என்று எறும்பாக உருமாறி வந்தார்கள். வந்த இடத்தில் இன்னொரு சிக்கல். லிங்கம் வழவழவென்று இருக்கிறது, ஏற முடியவில்லை. ஈசன் என்ன செய்தார் தெரியுமா? தன்னையே புற்றாக மாற்றிக்கொண்டு, எறும்புகள் ஏற வசதியாகக் கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார். அப்பர் பாடிய இந்தத் தலத்தில் இன்றும் மூலவர் சாய்ந்தபடிதான் காட்சி தருகிறார்.

ஜீயஸ், எறும்பை மனித உயரத்துக்கு நிமிர்த்தினார். எறும்பீஸ்வரர், எறும்பின் உயரத்துக்குத் தான் இறங்கினார். இரண்டுமே வரம்தான். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று வீட்டுக் குழந்தைகளிடம் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் சுவாரஸ்யமாகப் போகும்.

பிரசவ வலிக்கு ஊர் ஏது?

மலைக்கோட்டைக்கு வருவோம். செட்டிப்பெண் ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். காவிரியில் வெள்ளம். அக்கரையில் அம்மா தவிக்கிறாள், இக்கரையில் மகள் துடிக்கிறாள். அந்த அம்மாவின் உருவத்திலேயே சிவன் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து பார்த்தால், உள்ளே இன்னொரு அம்மா! தாயும் ஆனவர் என்று பெயர் வந்தது அப்படித்தான். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் செலுத்துகிற வழக்கம் இன்றும் இருக்கிறது.

கிரேக்கத்தில் லீட்டோ என்று ஒருத்தி. ஜீயஸின் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தவள். ஹீராவுக்குப் பயந்து எந்த நாடும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. நிறைமாத வயிற்றோடு ஊர் ஊராக அலைந்தாள். கடைசியில் டீலோஸ் என்ற வறண்ட குட்டித் தீவு மட்டும் "வா" என்றது. அங்கேயும் ஒன்பது பகல், ஒன்பது இரவு வலி. பிரசவத் தெய்வத்தை ஹீரா வரவிடாமல் பிடித்து வைத்திருந்தாள். இன்னொரு கதையில், முதலில் பிறந்த ஆர்ட்டெமிஸ், பிறந்த கையோடு மருத்துவச்சியாகி, தம்பி அப்போலோ பிறக்க அம்மாவுக்கு உதவினாள். கிரேக்கப் பெண்கள் பிரசவ நேரத்தில் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

ஸ்கேன் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, ஆபரேஷன் தியேட்டர் இல்லை. காவிரிக் கரையானாலும் கிரேக்கத் தீவானாலும் அன்றைய பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறப்பு. அந்தப் பயத்திலிருந்துதான் இரண்டு கதைகளும் பிறந்திருக்கின்றன.

அப்போ காப்பி அடிச்சது யாரு?

இப்படி இரண்டு கதைகள் ஒத்துப்போனால் போதும், "எல்லாம் இங்கிருந்து போனதுதான்" என்று ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

தொடர்பு இருந்தது உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணி பற்றி வருகிறது. அது நம்ம உறையூர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அதற்கும் முன்பு, கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் இன்னும் சுவையான ஒன்றை எழுதினார். அவருடைய புத்தகம் தொலைந்துவிட்டாலும், பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்டதில் அது பிழைத்திருக்கிறது. மாவீரன் ஹெராக்ளீஸுக்கு, அதாவது நாம் ஹெர்குலிஸ் என்கிறவருக்கு, இந்தியாவில் 'பண்டையா' என்று ஒரே மகளாம். அவளை அலங்கரிக்கக் கடலிலிருந்து முத்துக்களைத் திரட்டிக் கொடுத்தாராம். தெற்கே கடல் வரை அவள் ஆண்ட நாட்டில் 365 ஊர்கள். தினம் ஓர் ஊர் கப்பம் கட்டுமாம்!

தென்கோடி, முத்து, ஆளும் பெண், பெயரே பண்டையா. பாண்டிய நாடும் மதுரை மீனாட்சியும் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? ஆனால் இதன் பொருள் மீனாட்சி கிரேக்கத்திலிருந்து வந்தாள் என்பதல்ல. நம்ம ஊர்க் கதையைக் கேட்ட ஒரு வெளியூர்க்காரர், தனக்குத் தெரிந்த பெயரை அதில் ஒட்டவைத்தார். இன்று "ஜீயஸ்னா நம்ம இந்திரன் மாதிரி" என்று நாம் சொல்கிறோமே, அதே வேலைதான். எறும்புக் கதை அங்கிருந்து இங்கே வந்ததாகவோ, இங்கிருந்து அங்கே போனதாகவோ சொல்ல இந்தத் தொடர்பு மட்டும் போதாது.

நம்ம வீட்டுக் கதை?

கிரேக்கர்கள் கடவுள்களை மட்டும் கும்பிடவில்லை. செத்துப்போன வீரர்களின் சமாதியிலும் பலி கொடுத்துக் கும்பிட்டார்கள். கருங்கடலில் இன்று பாம்புத் தீவு எனப்படும் இடத்தில் அக்கிலீஸுக்கே கோயில் இருந்தது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்குப் பொங்கல் வைக்கிற நமக்கு இது புதிதா என்ன?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. அக்கிலீஸின் கதை காவியமாகி, பாடப்புத்தகமாகி, சினிமாவாகி, வீடியோ கேம் வரை வந்துவிட்டது. அது இனி அழியாது. நம் குலதெய்வங்களில் பலவற்றின் கதை எந்த ஏட்டிலும் இல்லை. ஊர்ப் பூசாரியின் வாயிலும் பாட்டியின் ஞாபகத்திலும் மட்டும்தான் இருக்கிறது. கைலாசபுரம் மாதிரி டவுன்ஷிப்பில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸும் ஒவ்வொரு ஊர். வேலைக்காக வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் குலதெய்வம் என்றால் மொட்டை போட்ட ஊர், காது குத்திய ஊர். அவ்வளவுதான். அந்தச் சாமி யார், எப்படிச் செத்தார், நம்ம குடும்பத்துக்கு என்ன உறவு என்று கேட்டால் "அப்பாகிட்ட கேளு" என்பார்கள். அப்பா "அப்பத்தாவுக்குத்தான் தெரியும்" என்பார்.

அப்பத்தா இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு நான்கே கேள்விகள்: அந்தச் சாமிக்கு எந்த ஊர்? மனுஷனாகவோ மனுஷியாகவோ வாழ்ந்தவர்தானா? கிடா வெட்டா, சர்க்கரைப் பொங்கலா, ஏன்? நம்ம குடும்பத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? பதில் முன்னுக்குப் பின் முரணாக இருந்தாலும் திருத்தாதீர்கள். அப்போலோ பிறந்த கதைக்கே இரண்டு வடிவம் இருக்கிறதே!