மொழி என்பது கடைசி வாரத்து வேலையா?

புனேயின் ஹிஞ்சவடித் தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து வரும் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வணிக நிறுவனங்களுக்கான இணையச் செயலியை உருவாக்க யார் யார் தேவை என்பதை அவை வரிசையிடுகின்றன: வணிகப் பகுப்பாய்வாளர், பயனர் அனுபவ வடிவமைப்பாளர், முகப்பு நிரலாளர், பின்புல நிரலாளர், தரவுத்தள வல்லுநர், சோதனையாளர், டெவ்ஆப்ஸ் பொறியாளர், திட்ட மேலாளர். இவர்களில் எவரையும் மிகை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வரிசையில் மொழியியல் கற்றவருக்கு இடமில்லை. எல்லாம் முடிந்தபின் ஆங்கிலச் சொற்றொடர்களை ஓர் எக்செல் தாளில் திரட்டி, சொல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில் மொழிபெயர்க்க அனுப்புவார்கள். மொழிக்கு அளிக்கப்படும் இடம் அவ்வளவே.

இந்த ஏற்பாடு அடிப்படையிலேயே பிழையானது என்பது என் வாதம். மொழி தொடர்பான முடிவுகள் தரவுத்தளம் வரையப்படும் முதல் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றை எடுப்பவர்கள், தாம் மொழி குறித்து முடிவெடுக்கிறோம் என்பதை அறியாமலே எடுக்கிறார்கள்.

பெயரை எடுத்துக்கொள்வோம். மராட்டியத்தில் இயற்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர் என்னும் மூன்றடுக்கு வழக்கம் நிலைபெற்றது. தமிழர்க்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும்தான். குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலோர்க்கு இல்லை. பான் அட்டை விண்ணப்பத்தில் ஒற்றைப் பெயருடையவர் அதைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இடவேண்டும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அதே பெயரை இயற்பெயர்க் கட்டத்தில் இட்டுக் குடும்பப்பெயரை வெறுமையாக விடலாம். இரண்டையும் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடும் செயலிக்கு இவர்கள் இரு வேறு மனிதர்கள். கணக்குத் திறக்க வந்தவர் காரணம் புரியாமல் திருப்பி அனுப்பப்படுகிறார். நிரல் எழுதியபடியே இயங்குகிறது. மனிதப் பெயரின் அமைப்பு எங்கும் ஒன்றே என்ற எண்ணம்தான் பிழை. பெயரமைப்பு சமூகத்தின் முடிவு. அது மாறவும் செய்யும். 2024 மே 1 முதல் பிறந்தோரின் அரசு ஆவணங்களில் தாயின் பெயரும் இடம்பெறவேண்டும் என்று மராட்டிய அமைச்சரவையே முடிவெடுத்ததே!

அடுத்தது எழுத்து. ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கணக்கில் எட்டெழுத்து. ஒருங்குறியில் அது பதினைந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 45 பைட்டுகள். ‘இருபது எழுத்துக்கு மிகாமல்’ என்று படிவம் சொல்லும்போது அது இவற்றுள் எதை எண்ணுகிறது? இன்னும் கொடியது ஒன்றுண்டு. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் ஒருங்குறி ‘எழுத்து’ என்ற வகையில் சேர்ப்பதில்லை. ‘குறி’ என்று தனியே வகைப்படுத்துகிறது. ஆகவே ‘எழுத்துகள் மட்டுமே’ என்று ஒரு நிரலாளர் சோதனை வைத்தால், ‘அமல’ என்பது தேறும். ‘அமலன்’ என்பது தவறான பெயராகிவிடும். தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒரே ஒருவர் குழுவில் இருந்திருந்தால், முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும் பிழை இது.

அகரவரிசைக்குப் புனேயோடு உறவுண்டு. 1988இல் இங்கே நிறுவப்பட்ட சி-டாக்கின் ஜிஸ்ட் பிரிவு, இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறிமுறையைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தது. ஒருங்குறியின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988ஆம் ஆண்டு இஸ்கியைப் பின்பற்றியே அமைந்தன. எல்லா இந்திய எழுத்துகளையும் தேவநாகரிக்கு இணையாக அடுக்கியதால், தமிழில் இறுதி மெய்யாகிய ‘ன’ ‘ப’வுக்கு முன்னே நிற்கிறது, ‘ழ’ ‘வ’வுக்கு முன்னே வந்துவிட்டது. குறியீட்டு எண்ணைக் கொண்டு வாடிக்கையாளர் பட்டியலை வரிசைப்படுத்தினால் நம் அகரவரிசை குலையும். இதற்கு மாற்றாக முறையான வரிசைப்படுத்தல் விதிகளை ஒருங்குறிக் கூட்டமைப்பே வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பயன்படுத்த ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரி தேவை என்று சொல்ல ஆள் வேண்டும்.

இனி இலக்கணம். ஆங்கிலச் செயலி ஒரு வார்ப்பில் பெயரைச் செருகிவிட்டால் போதும். தமிழில் பெயரின் பின்னே ‘க்கு’ ஒட்டினால் லட்சுமி தப்பிப்பார். முருகனும் பாலுவும் ‘முருகன்க்கு’, ‘பாலுக்கு’ ஆவார்கள். பாலுவுக்குச் சேரவேண்டிய பணம் பாலுக்குப் போனதாகச் செய்தி வரும். மராத்திக்கும் இதே நிலைதான். நகரின் பெயர் அம்மொழியில் ‘புணே’. ‘புணேயில்’ என்பதற்கு ‘புண்யாத்’. வேற்றுமை ஏற்கும்போது பெயரின் அடியே திரிகிறது என்பது மராத்தி இலக்கணத்தின் தொடக்கப் பாடம். அதைச் செயலியின் கட்டமைப்பு அறியாதபோது, புனேயில் எழுதப்பட்ட செயலி புனேயின் பெயரையே பிழையாக எழுதும்.

மறுப்புகளை அறிவேன். ‘செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்த்துவிடும்’ என்பது முதலாவது. முழு வாக்கியத்தைக் கொடுத்தால் அது நன்றாகவே மொழிபெயர்க்கக்கூடும். ஆனால் அதன் கைக்குப் போவது ‘அனுப்பப்பட்டது’, ‘இல்’, ‘க்கு’ என்று நறுக்கப்பட்ட துண்டுகள். நறுக்கியது கட்டமைப்பு. பெயருக்கு எத்தனை கட்டம் என்ற கேள்வியோ மொழிபெயர்ப்பின் எல்லைக்குள் வருவதே இல்லை.

‘வணிகச் செயலியைப் பயன்படுத்துவோர்க்கு ஆங்கிலம் தெரியும்’ என்பது இரண்டாவது. குல்டேக்டி மார்க்கெட் யார்டில் வெங்காயம் வாங்கி விற்பவரும், பொதி சுமந்து வீடுவீடாகச் சேர்ப்பவரும், கோவையில் சிறு பட்டறை நடத்துபவரும் இன்று வணிகச் செயலிகளின் பயனர்களே. அவர்கள் எல்லோரும் ஆங்கிலம் படித்தபின்பே கைப்பேசி வாங்கினார்கள் என்று எந்த நிறுவனமும் கருதமுடியாது.

‘செலவு’ என்பது மூன்றாவது. இதற்குச் சட்டமே விடை சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு அளித்தாக வேண்டும். புரியாத தமிழில் எழுதிய அறிவிப்புக்குக் கீழே ஒருவர் ‘சரி’ என்று அழுத்துவது ஒப்புதலாகுமா? அந்தச் சொற்களை எழுதும் பொறுப்பைக் கடைசி வாரத்தில், மிகக் குறைந்த கூலி கேட்டவரிடம் ஒப்படைப்பதுதான் சிக்கனமா?

நிறுவனங்களை மட்டும் குறைகூறி முடிப்பது நேர்மையாகாது. ஹிஞ்சவடி இருக்கும் இதே நகரில்தான், 1948இல் சமஸ்கிருதப் பேரகராதிப் பணியைத் தொடங்கிய டெக்கான் கல்லூரியும் இருக்கிறது. மொழியறிவுக்கும் நிரலறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. இரண்டுக்கும் இடையே வழிதான் இல்லை. நாடெங்கும் மொழியியல் துறைகள் ஒலியனையும் உருபனையும் கற்பிக்கின்றன. அதே உருபன் ஒரு தரவுத்தளத்தில் என்ன பாடுபடுகிறது என்று காட்டுவது அரிது. முதுகலை முடித்த மாணவருக்கு ஒருங்குறி அட்டவணையைப் படிக்கத் தெரியவில்லை என்றால், அவரை நிறுவனம் அழைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. செயலியின் தேவைகளை எழுதும் முதல் கூட்டத்திலேயே மொழியறிந்த ஒருவர் அமரவேண்டும். பெயர், முகவரி, வரிசை, வார்ப்பு வாக்கியம் ஆகிய நான்கும் அவர் ஒப்புதலின்றி இறுதியாகக் கூடாது. சோதனையாளரின் பட்டியலில் முதலெழுத்துடைய பெயரும் ஒற்றைப் பெயரும் கட்டாயம் இடம்பெறவேண்டும். மொழியியல் துறைகள் ஒரு பருவத்தையேனும் எழுத்துக் குறிமுறைக்கும் இடைமுக மொழிக்கும் ஒதுக்கவேண்டும். இதை வாசிக்கும் நிரலாளர்கள் இன்றே ஒன்று செய்யலாம்: உங்கள் செயலியின் பெயர்க் கட்டத்தில் ‘அமலன்’ என்று தட்டிப் பாருங்கள். ஏற்கவில்லை என்றால், நாளைக் காலைக் கூட்டத்தில் அதைப் பிழையாகப் பதிவுசெய்யுங்கள்.