வயலோடு வாழும் எழில்

பனையும் உடைமரமும் நிற்கும் வறண்ட வெளியைக் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியாகத் தெற்கு நோக்கி வருகின்ற பிரயாணி எவரும், மகேந்திரகிரியிலிருந்து தாடகை மலை வரையில் வலப்புறத்தே தொடர்ந்து வரும் நீலமலைத் தொடரையும், அதன் அடிவாரத்தில் சட்டென்று விரியும் பசுமையையும், அப்பசுமைக்கு இடையிடையே வானத்தை ஏந்திக் கிடக்கும் குளங்களையும் கண்டவுடன், இயற்கை இந்தச் சிறிய பிரதேசத்தின்மீது தனிப்பட்ட கிருபை வைத்திருக்கிறது என்றே எண்ணுவார். அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்னும் இரண்டையும் பெறுகிற பாக்கியம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு. ஆயினும் அம்மாவட்டத்தின் ஒரு பகுதியாகிய நாஞ்சில் நாட்டின் சௌந்தரியம் முழுவதும் இயற்கை கொடுத்தது என்று கருதுவது, அதை உண்டாக்கிய மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. அதைவிட முக்கியமாக, அதைக் காப்பாற்றும் பொறுப்பிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ளும் தவறான நினைப்பு. மலையை இயற்கை படைத்தது. மழையை இயற்கை பொழிகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே நம் கண்ணைக் கவர்கிற யாவும் மண்வெட்டி பிடித்த கைகள் பல நூற்றாண்டு காலம் உழைத்து உண்டாக்கியவை.

பழையாற்றையே எடுத்துக்கொள்வோம். வடக்கே மலையடிவாரத்தில் சுருளோட்டுப் பகுதியில் உருப்பெற்று, பூதப்பாண்டியைத் தொட்டு, நாகர்கோவிலின் ஓரத்தில் ஒழுகினசேரியைக் கடந்து, சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலை அணைந்து, மணக்குடியில் கடலோடு கலக்கும் இந்த ஆறு, காவிரியையோ வைகையையோ போல நெடுந்தூரம் ஓடுவதன்று. அதன் சொந்த நீரை மட்டும் நம்பியிருந்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் நன்செய் நிலத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகவே கிடந்திருக்கும். மேற்கே ஓடிக் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழ வேண்டிய பரளியாற்று நீரில் ஒரு பகுதியைத் தடுத்து, பாண்டியன் அணையிலிருந்து பாண்டியன் கால் என்னும் வாய்க்காலின் மூலம் கிழக்கே திருப்பிப் பழையாற்றில் கொண்டு சேர்த்த பழங்காலத்து ஏற்பாடுதான் இப்பள்ளத்தாக்கின் விதியை மாற்றியது. பிறகு அனந்தனாறு, நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு, தோவாளைச் சானல் என்று கால்கள் கிளைத்தன. கால்கள் குளங்களை நிறைத்தன. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்துக்காலாயிற்று. குளத்து மடை வயலுக்குப் பாய, வயலில் வடிந்தது மீண்டும் ஆற்றைச் சேர்ந்தது. வீணாகப் போகும் சொட்டு என்று ஒன்று இல்லாதபடி, ஒரு முழுப் பள்ளத்தாக்கையே தறியில் நெய்த துணியைப் போல நீராலும் வரப்பாலும் இழை பிரியாமல் பின்னி வைத்த நம் முன்னோரின் புத்தி நுட்பத்தை என்னவென்று புகழ்வது!

அந்தப் பழைய ஏற்பாட்டுக்குப் புதிய பலம் தந்தது பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 1906-ஆம் ஆண்டு நிறைவெய்திய அவ்வணையைக் கட்டியவர் மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளர். ஊர்மக்கள் அவரை மூக்கன் துரை என்று அன்போடு அழைத்தார்கள். அவருடைய கல்லறையும் அணையின் அருகிலேயே இருக்கிறது. பின்னாளில் பெருஞ்சாணி அணையும் சிற்றாற்று அணைகளும் எழுந்தன. மேற்குப் பகுதிக்காக 1966-இல், 115 அடி உயரத் தூண்களின்மீது ஒரு பள்ளத்தாக்கையே தாண்டித் தண்ணீரைக் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் எழுந்தது. இன்று அதைக் காண வருகிறவர்கள் கீழே தெரியும் தென்னந்தோப்புகளின் வனப்பில் மயங்கிப் படம் எடுத்துக்கொண்டு செல்கிறார்கள். அவர்கள் நின்ற இடம் ஒரு வாய்க்கால் என்பதும், அந்த வாய்க்கால் ஏதோ ஒரு வயலுக்காகப் போடப்பட்டது என்பதும் எத்தனை பேருடைய சிந்தனைக்கு எட்டுகின்றன?

வயல் என்பது நெல் விளையும் இடம் மாத்திரமாக இங்கே இருந்ததில்லை. கன்னி மாதத்தை ஒட்டி அறுவடையாகும் கன்னிப்பூ, கும்ப மாதத்தை ஒட்டி அறுவடையாகும் கும்பப்பூ என்னும் இருபோகக் கணக்கிலேதான் நாஞ்சில் நாட்டின் கல்யாணங்களும் கடன்களும் கோவில் கொடைகளும் ஒழுங்கு பெற்றிருந்தன. களத்தில் பொலி கண்ட பிறகே முத்தாரம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் கொடை எடுப்பார்கள். வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். பாடும் புலவரின் சம்பாவனையில் நெல்லும் உண்டு. கேட்போரின் மனநிறைவுக்கும் வீட்டுப் பத்தாயத்தில் இருக்கும் நெல்லே ஆதாரம். ஆடி மாதத்தில் கோவில்களில் நடைபெறும் நிறைபுத்தரிசி என்னும் வழிபாட்டில், பச்சை மணம் மாறாத நெற்கதிர்களைத் தெய்வத்தின் முன் வைத்துப் பூஜித்து, பக்தர்களுக்குப் பிரசாதமாக அளிப்பார்கள். அதை வாங்கிச் சென்று நிலைப்படியில் கட்டாத வீடு முன்னாளில் அபூர்வம். சுசீந்திரத்து மார்கழித் தேரோட்டத்துக்கு வருகிற கூட்டத்தைப் பாருங்கள்: தோவாளைப் பூக்காரரும், கடற்கரை ஊர்க்காரரும், மலையடிவாரத்து விவசாயியும் தேரோடும் நான்கு தெருக்களில் ஒன்றாக நிற்கிறார்கள். மலை, வயல், கடல் ஆகிய மூன்றும் ஒரு நாள் நடைக்குள் அடங்குகிற நாட்டில் மக்களின் வாழ்வும் அவ்வாறே ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதில் வியப்பில்லை. உணவிலும் அந்த நெருக்கம் தெரியும். வயலின் சம்பா அரிசிச் சோறும், மேட்டு விளையின் தேங்காய் அரைத்த தீயலும் அவியலும், கடலின் மீன்குழம்பும் ஒரே இலையில் சேருகின்றன.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூர் இப்பள்ளத்தாக்கின் நடுவில் குளமும் வயலும் சூழ்ந்த ஊர். 1876-இல் பிறந்த அந்தப் பெருமகனின் கவிதையில் உள்ள தெளிவுக்கும் எளிமைக்கும், அவர் வளர்ந்த அந்தத் தண்ணீர் நாட்டுக்கும் உறவு உண்டு என்பது என் அபிப்பிராயம். சொத்து மருமக்களுக்குச் சேரும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி முறையின் கொடுமைகளைப் பாடியவரும் அவரே. ஆகையால் பழமை என்பதற்காக எதையும் போற்றிக்கொண்டிருப்பவர் அல்லர் அவர். நானும் பழமையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தப் பழைய நாஞ்சில் நாட்டில் வயலில் இறங்கி உழைத்தவனுக்கு வயலும் இல்லை, பல கோவில்களின் வாசலும் இல்லை. அந்த நிலை ஒழிந்தது நியாயமே. ஒழிக்க வேண்டியதை ஒழிக்கும்போது வயலையும் சேர்த்து ஒழிப்பது என்ன நியாயம் என்பதே என் கேள்வி.

ஏனெனில் வயல் கண்முன்னே மறைந்துகொண்டிருக்கிறது. முதலில் நெல்லை விட்டு வாழை வைக்கிறார்கள். பிறகு வரம்பு உயர்த்தித் தென்னை வைக்கிறார்கள். பிறகு மலையடிவாரத்திலிருந்து லாரிகளில் மண் வந்து விழுகிறது. ஓராண்டு கழித்து அங்கே மனைக்கற்கள் நடப்பட்டு, ஒரு நகரின் பெயர்ப்பலகை நிற்கிறது. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி ஏறியது, உரவிலை ஏறியது, நெல்லின் விலை அதற்கு ஈடாக ஏறவில்லை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேருவது நிச்சயமில்லை. பக்கத்து வயலில் மண் நிரப்பிவிட்டால் நடுவே அகப்பட்ட வயலுக்கு நீர் வரவும் வழியில்லை, வடியவும் வழியில்லை. மாவட்டமோ சிறியது, 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், சாலை வேண்டும். இவையெல்லாம் உண்மை. ஆனால் வீட்டுக்கு ஏற்ற மேட்டுநிலமாகிய விளைகளை விட்டுவிட்டு, நீர் நின்று வடிய வேண்டிய தாழ்வான நன்செய்யைத் தேடிச் சென்று நிரப்புவதும், நான்குவழிச் சாலையைக் குளங்களின் நடுவிலும் வயற்பரப்பின் குறுக்கேயும் செலுத்துவதும், தேவையின் பொருட்டு என்பதைவிட அலட்சியத்தின் பொருட்டே நிகழ்கின்றன என்பேன்.

வயல் போனால் குளம் தங்காது. பாசனம் இல்லாத குளத்துக்கு உரிமையோடு கேள்வி கேட்பவன் இல்லை, வரத்துக்காலைச் செப்பனிட யாரும் முன்வருவதில்லை, ஆகாயத்தாமரை மூடுகிறது, குப்பை விழுகிறது, பிறகு ஏதேனும் ஒரு கட்டடத்துக்குப் புறம்போக்காகக் கண்ணில் படுகிறது. குளம் போனால் கிணறும் போகும். ஆற்றில் நன்னீர் குறையக் குறைய மணக்குடிப் பக்கத்திலிருந்து உப்பு நீர் மேலேறும். பெருமழை பெய்கிற ஆண்டிலோ, முன்பு வயல் தாங்கிய வெள்ளம் இப்போது வீட்டுக்குள் வந்து நிற்கும். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் மாவட்டம் முழுவதும் வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எழில் என்றால் அரசாங்கத்தின் பார்வை எப்போதும் முக்கடல் கூடும் முனையை நோக்கியே செல்கிறது. அங்கே 133 அடி உயரத்தில் வள்ளுவருக்குச் சிலை எழுந்தது. அச்சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டது. அவற்றின்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் அம்முனைக்குச் செல்லும் பிரயாணியின் மனத்தில் தங்குவது வழிநெடுகக் கண்ட பச்சை வயலும் அதன் பின்னணியில் எழும் மலையும் அல்லவா? அந்த வயலைக் காப்பவனுக்குச் சுற்றுலா வருமானத்திலிருந்து ஒரு காசு சென்றதுண்டா?

தேரூர், சுசீந்திரம் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக இடம்பெற்றன. பெருமைக்குரிய காரியம் அது. எனினும் கூழைக்கடாவும் நாரையும் வலசைப் பறவைகளும் குளத்தில் இறங்குவதற்குச் சுற்றியுள்ள வயலும் ஒரு காரணம் என்பதை அதிகாரிகள் நினைவில் கொள்ள வேண்டும். உழுத வயலில் புழுவும், அறுத்த வயலில் சிந்திய மணியும், நீர் நின்ற வயலில் தவளையும் மீனும் கிடைக்கின்றன. குளத்துக்கு மட்டும் எல்லை போட்டுக் கம்பி வேலி கட்டி, அதற்கு நீர் கொண்டுவரும் காலையும் அது நீர் கொடுக்கும் வயலையும் வெளியே விட்டுவிட்டால் பாதுகாப்பு என்பது பலகையில் மட்டுமே இருக்கும்.

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை எந்த இராஜ்ஜியத்தோடு சேர்ந்திருந்ததோ, அந்தப் பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதில் குற்றமில்லை. கேரளம் 2008-இல் நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. பின்னர் 2018-இல் வந்த திருத்தம் அதைச் சற்றே தளர்த்தியது என்றாலும், வயலை நிரப்புவது குற்றம் என்ற எண்ணத்தையாவது அச்சட்டம் ஜனங்களின் மனத்தில் பதித்தது. 2020-இல் நெல்வயலை நெல்வயலாகவே வைத்திருக்கும் உடைமையாளருக்கு எக்டருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் வெகுமானமாகக் கொடுக்கவும் தொடங்கினார்கள். தொகை சிறியது, கொள்கை பெரியது. வயல் விளைவிப்பது நெல்லை மட்டுமன்று, நிலத்தடி நீரையும் வெள்ளப் பாதுகாப்பையும் கண்ணுக்கு இனிய காட்சியையும் ஊருக்கெல்லாம் இலவசமாகத் தருகிறது, ஆதலால் ஊர் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் தர்மத்தை அது ஏற்றுக்கொண்டது. தமிழக அரசும் 2020-இல் காவிரி டெல்டாவைச் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தது. அச்சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற தொழில்களைத் தடுப்பதற்காக வந்தது. நாஞ்சில் நாட்டின் வயலுக்கு எதிரி எண்ணெய்க் கிணறு அன்று, மனைக்கல்லே. ஆகையால் டெல்டாச் சட்டத்தை அப்படியே நீட்டிப்பது போதாது. பழையாற்று வடிநிலத்தில் எஞ்சியுள்ள இருபோக நன்செய் முழுவதையும் சர்வே எண் வாரியாக வரைபடத்தில் குறித்து, அதை மனையாக மாற்ற எந்த அதிகாரியும் அனுமதி வழங்க இயலாதபடி செய்யும் தனி ஏற்பாடும், அந்த நிலத்தில் நெல் பயிரிடுபவர், குத்தகைக்காரராக இருந்தாலும், அவருடைய கையிலேயே சேரும் ஆண்டுத்தொகையும் வேண்டும்.

நிலத்தைக் காத்தால் மட்டும் போதாது, அதற்குத் தண்ணீரும் வந்து சேர வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி முதலிய அணைகளைக் கொண்ட கோதையாற்றுப் பாசனத்துக்கு ஜூன் முதல் தேதி அணைகள் திறப்பதும், பிப்ரவரி இறுதியில் அடைப்பதும் வழக்கம். இடைப்பட்ட மூன்று மாதமே கால்களைத் தூர்வாருவதற்கு உள்ள அவகாசம். பேச்சிப்பாறையில் 48 அடி, பெருஞ்சாணியில் 77 அடி என்று முழு மட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டதைப் பத்திரிகையில் படித்து மகிழ்கிற நாம், அத்தண்ணீர் கடைமடைக்குச் சென்றதா என்பதையும் படிக்க ஆசைப்பட வேண்டும். மார்ச் மாதத்திலேயே வேலையைத் தொடங்கி, தோவாளைச் சானலின் கோடி வரைக்கும் அனந்தனாற்றின் கோடி வரைக்கும் மே மாத இறுதிக்குள் தூர்வாரி முடித்து, நாகர்கோவில் நகரத்தின் கழிவுநீர் ஒழுகினசேரிக்கு முன்னும் பின்னும் பழையாற்றில் இறங்கும் வாய்களை அடைத்துச் சுத்திகரிப்புக்குத் திருப்பி, எந்தக் குளத்துக்கு எந்தக் காலில் எத்தனை நாள் முறை என்பதை அந்தந்த ஊரின் பாசனதாரர் கூடிப் பேசி எழுதி, ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் ஒட்டிவைத்த பிறகே, வரும் ஜூன் முதல் தேதி மலர் தூவி மதகைத் திறக்க அமைச்சர் பெருமக்கள் அணைக்கு எழுந்தருள வேண்டும்.